கடற்காற்றிலும் நமத்துப் போகாத மசாலா கொண்டைக்கடலை

கொண்டைக்கடலையை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் புரட்டி வறுத்து, மேலே மசாலா தூவி எடுப்பது பெரிய வித்தை அன்று. உள்நாட்டு ஊர்களில் இந்த அளவுக்குத் தெரிந்திருந்தாலே மொறுமொறுப்பான கடலை கிடைத்துவிடும். ஆனால் தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று நீளும் இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையோர ஊர்களில், மாலை நான்கு மணிக்கு வறுத்து இறக்கிய கடலை இரவுச் சாப்பாட்டு நேரத்திற்குள் நமத்துப் போவது சாதாரணமாக நடக்கிறது. காற்றிலுள்ள ஈரமும், நிலத்தடி நீரின் உவர்ப்பும், மேலே தூவும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஆகவே இந்தக் கரையில் கடலை வறுப்பவர், எந்தக் கட்டத்தில் ஈரத்தை வெளியேற்ற வேண்டும், எந்தக் கட்டத்தில் அதை உள்ளே விடாமல் தடுக்க வேண்டும் என்ற கணக்கோடு அடுப்பைப் பற்றவைப்பது நல்லது.

கணக்கு எளிமையானது. காய்ந்த கொண்டைக்கடலையில் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீர் இருக்கிறது. வெந்த கடலையில் அது 60 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. வறுத்து முடித்த கடலை பல்லில் கடிபட்டு நொறுங்க வேண்டுமானால் அதில் சில விழுக்காடு நீரே மிஞ்சியிருக்க வேண்டும். அதாவது, வேகவைக்கும்போது உள்ளே புகுத்திய நீர் முழுவதையும், அதற்கு மேல் கொஞ்சத்தையும், வறுக்கும்போது வெளியேற்றியாக வேண்டும். அப்படியானால் வேகவைப்பதே எதற்கு என்று கேட்கலாம். வேகும்போதுதான் கடலையின் மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்து இளகுகிறது. அப்படி இளகிய மாவு பிறகு காயும்போது நுண்ணிய துளைகளோடு இறுகுகிறது. வேகாமல் காய்ந்த மாவு கல்லைப் போலக் கெட்டிப்பட்டு நிற்கும். வெந்து காய்ந்த மாவு கடித்தவுடன் நொறுங்கும்.

கடலையைத் தேர்ந்தெடுப்பது

இக்குறிப்பில் உள்ள அளவுகள் 250 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலைக்கு உரியவை. நான்கைந்து பேர் மாலைத் தேநீரோடு கொறிக்க இது போதுமானது. வெள்ளைக் கடலை பெரியது, தோல் மெல்லியது, வறுத்தால் இலேசாக நொறுங்கும். கறுப்புக் கடலையின் தோல் தடித்தது. அது சற்று அழுத்தமாகக் கடிபடும், ஆனால் அந்தத் தோலே காற்றின் ஈரத்திற்கு ஓரளவு தடையாக நிற்பதால் நமத்துப் போகும் வேகம் குறைவு. பல் உறுதியாக உள்ளவர்கள் இருக்கும் வீட்டில், மழைக்காலத்தில் கறுப்புக் கடலையே மேல் என்பது என் கருத்து.

கொண்டைக்கடலை இந்தக் கரையில் விளையும் பயிர் அன்று. குளிர்ந்த பருவத்தை விரும்பும் இப்பயிர் பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் விளைந்து, லாரியேறி வந்து, மொத்தக் கடையிலும் பிறகு சில்லறைக் கடையிலும் சில காலம் கிடந்த பின்னரே நம் கைக்கு வருகிறது. வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் நெடுநாள் மூட்டையில் கிடந்த பயறு எத்தனை விசில் விட்டாலும் வேகாத தன்மையை அடைந்துவிடும். நிறம் மங்கி, தோல் அளவுக்கு மீறிச் சுருங்கி, ஆங்காங்கே வண்டு துளைத்த ஓட்டையோடு தெரியும் கடலையை வாங்காமல் விடுவதே நலம். நவராத்திரியை ஒட்டியும் ரமலான் மாதத்திலும் கொண்டைக்கடலை விற்பனை வேகமாக இருக்கும் என்பதால், அந்த நாட்களில் கடைக்கு வரும் சரக்கு பெரும்பாலும் புதிதாக இருக்கும்.

ஊறவைக்கும் நீர்

கரையோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. அதில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் கடலையின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. ஊறும்போதே இப்படி இறுகிய கடலை குக்கரில் வெளியே குழைந்தும் உள்ளே கட்டியாகவும் வேகும். எனவே பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் பயன்படும் நீரில் கடலையை ஊறப்போடக் கூடாது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் நீரோ, வீட்டில் குடிக்க வைத்திருக்கும் கேன் நீரோ, மழைநீர்த் தொட்டி உள்ள வீடாயின் அந்த நீரோ ஏற்றது. கழுவுவதற்கு உவர்நீரைப் பயன்படுத்தினால் குற்றமில்லை; ஊறவைக்கவும் வேகவைக்கவும் நல்ல தண்ணீர் வேண்டும்.

ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் 250 கிராம் கடலையை ஊறப்போட வேண்டும். ஊறும் நீரில் உப்புச் சேர்த்தால் பயறு வேகாது என்று சொல்லக் கேட்டிருப்போம். உண்மையில் உப்பிலுள்ள சோடியம், தோலிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தோலை மென்மையாக்குகிறது. வேகவிடாமல் செய்வது கடின நீரின் கால்சியமும் மக்னீசியமுமே. உவர்நீரும் உப்புத்தானே என்று இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

உப்பை இந்தக் கட்டத்திலேயே உள்ளே ஏற்றுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கடலைக்குள் உப்புப் பிடித்திருந்தால் கடைசியில் மேலே தூவ வேண்டிய உப்பின் அளவு குறையும். மேலே உப்புக் குறைந்தால் ஈரம் ஒட்டுவதும் குறையும். இதைப் பற்றி மசாலாவின்போது விரிவாகச் சொல்கிறேன்.

பத்து மணி நேரம் ஊறினால் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணி நேரத்திற்கு மேல் விட்டால் நீரில் நுரை கட்டிப் புளித்த வாடை வரத் தொடங்கும் என்பதால், அக்காலத்தில் இரவு முழுவதும் ஊறவைப்பதாக இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், அல்லது இடையில் ஒருமுறை நீரை மாற்றலாம்.

வேகவைப்பதும் வடிப்பதும்

ஊறிய நீரை வடித்துவிட்டு, கடலைக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும் அளவுக்குப் புதிய நல்ல தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்துக் குக்கரில் வைக்க வேண்டும். வெள்ளைக் கடலைக்கு மூன்று அல்லது நான்கு விசிலும், கறுப்புக் கடலைக்கு ஆறு அல்லது ஏழு விசிலும் ஏறத்தாழச் சரியாக இருக்கும். விசில் எண்ணிக்கையைவிட விரலை நம்புவது நல்லது. ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால், அது எளிதாக நசுங்க வேண்டும். ஆனால் அழுத்தாதபோது தன் உருவத்தைக் காத்துக்கொண்டு, தோல் உரியாமல் முழுதாக நிற்க வேண்டும். சுண்டலுக்கு வேண்டிய பதமும் இதுதான். ஆப்பச்சோடா சேர்த்தால் தோல் கழன்று கடலை மாவாகக் குழைவதால், வறுவலுக்கு அதைத் தவிர்க்க வேண்டும்.

வெந்தவுடன், ஆவி அடங்கிய குக்கரைத் திறந்து, கடலை சூடாக இருக்கும்போதே ஓட்டைத் தட்டில் வடித்துவிட வேண்டும். சூடான கடலையின் மேலுள்ள நீர் தன் ஆவியாலேயே பெருமளவு போய்விடும். ஆறிய பிறகு வடித்தால் அந்த நீர் தோலிலேயே தங்கும். வடித்த நீரை ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துக்கொள்ளலாம். உப்பு இருப்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்துத் தரையில் விரித்து, கடலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவாறு பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் விட வேண்டும். வெயில் நன்றாக இருந்தால் மொட்டை மாடியில் காயவைக்கலாம் என்றாலும், ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும்போது கரையோர மாடிகளில் எதைக் காயவைத்தாலும் பொடி மணல் வந்து ஒட்டிக்கொள்ளும்; ஈரக் கடலையில் ஒட்டிய மணலை உதறி எடுக்க முடியாது. மேலே மெல்லிய துணி மூடினாலும் நறநறப்பு முழுவதும் போகாது என்பதால், அந்த மாதங்களில் வீட்டுக்குள்ளேயே உலர்த்துவதுதான் சரி. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை நேர்மாறானது. வடகிழக்குப் பருவமழையின்போது காற்றே ஈரமாக இருப்பதால், எத்தனை மணி நேரம் விசிறி சுழன்றாலும் துணியில் பரப்பிய கடலை ஓரளவுக்கு மேல் உலராது, காத்திருந்து பயனில்லை. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு நேராக அடுப்புக்குப் போய்விடலாம். வாணலியில் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

வறுப்பது

ஓவனோ ஏர் ஃப்ரையரோ இருந்தால் வேலை எளிது, இல்லாவிட்டாலும் நட்டமில்லை. அடி கனத்த, அகன்ற இரும்புக் கடாய் ஒன்றும், அருகில் நிற்கப் பொறுமையும் இருந்தால் அவற்றுக்கு ஈடான கடலையை எடுத்துவிடலாம்.

கடாயைச் சூடாக்கி, வெந்த கடலையில் பாதியை மட்டும் போட வேண்டும். முழுவதையும் கொட்டினால் கீழுள்ள கடலையிலிருந்து எழும் ஆவி மேலுள்ள கடலையை மறுபடி வேகவைக்கும். அடுப்பு மிதமான நிலைக்கும் சிறு தீக்கும் இடையில் இருக்கட்டும். முதல் பன்னிரண்டு நிமிடங்களுக்கு எண்ணெயே வேண்டாம். எண்ணெயை முதலிலேயே ஊற்றிவிட்டால் ஈரமான தோல்மேல் அது சரியாகப் பரவாமல், தோல் கடாயோடு ஒட்டி உரிந்து வரும். எண்ணெய் இல்லாமல் வறுக்கும்போது தோலின் ஈரப் பளபளப்பு போய், மேற்பரப்பு மங்கி, சில கடலைகளில் கீறல் விடும். அந்த நேரத்தில் ஒரு மேசைக்கரண்டி நிலக்கடலை எண்ணெயை ஊற்றிப் புரட்டிவிட்டு, தீயை இன்னும் சற்றுக் குறைத்து, மேலும் இருபது முதல் இருபத்தைந்து நிமிடங்கள் வரை வறுக்க வேண்டும். நல்லெண்ணெயும் பயன்படுத்தலாம்; அதன் வாசம் மிளகுக்குப் பொருந்தும், முண்டு மிளகாய்க்கு அவ்வளவாகப் பொருந்தாது. மீதிப் பாதியை வறுக்கும்போதும் இதே அளவு எண்ணெய் ஊற்ற வேண்டும்.

தீயைக் கூட்டி விரைவாக முடித்துவிட நினைப்பதுதான் பலரும் சறுக்கும் இடம். பெருந்தீயில் கடலையின் வெளிப்புறம் பத்தே நிமிடத்தில் பொன்னிறமாகிவிடும். நடுவிலோ ஈரம் அப்படியே இருக்கும். இறக்கி ஆறவைத்த அரை மணி நேரத்திற்குள் நடுவிலுள்ள அந்த ஈரம் வெளியே பரவி, காய்ந்திருந்த மேற்பகுதியையும் இளக்கிவிடும். காற்றே படாமல் புட்டியில் அடைத்து வைத்திருந்தாலும் இது நடக்கும். கடற்காற்றின்மேல் போடப்படும் பழியில் பாதி இப்படி அரைகுறையாக வறுத்த கடலையைச் சேர்ந்ததுதான்.

பதத்தை அறிய ஓசை பெரிதும் உதவும். தொடக்கத்தில் கரண்டியால் கிளறினால் கடலை கடாயில் மந்தமாக விழும் ஓசை கேட்கும். ஈரம் போகப் போக அது கலகலவென்று மாறும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட இந்த ஓசையைக் கேட்டு முடிவு செய்வது பாதுகாப்பானது. ஓசை மாறிய பிறகு ஒரு கடலையை எடுத்துத் தட்டில் வைத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டுக் கடித்துப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது நன்கு வறுபட்ட கடலைகூட மெத்தென்றுதான் தோன்றும். இன்னும் ஐயம் இருந்தால், சமையலறைத் தராசு உள்ளவர்கள் நிறுத்துப் பார்க்கலாம். 250 கிராம் காய்ந்த கடலை, வெந்த பிறகு 550 கிராம் அளவுக்கு வந்திருக்கும். வறுத்து முடித்த மொத்தக் கடலை, ஊற்றிய எண்ணெயையும் சேர்த்து, மீண்டும் தொடக்கத்து 250 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தால் வேலை முடிந்தது. 300 கிராமில் நின்றால் நடுவில் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள்.

வறுபடும்போது ஓரிரு கடலை வெடித்துத் துள்ளும். அதற்காகக் கடாயை மூடினால் ஆவி உள்ளேயே சுழன்று கடலையை நனைத்துவிடும். மாவு சலிக்கும் கம்பிச் சல்லடையைக் கவிழ்த்து வைத்தால் போதும். வெந்த கடலையை முழுகும் எண்ணெயில் பொரிக்க முயல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். தோலுக்குள் அடைபட்ட நீர் ஒரே நேரத்தில் ஆவியாகி, கடலை வெடித்து, கொதிக்கும் எண்ணெயை முகத்தில் தெறிக்கவிடும்.

ஓவனில் செய்வதானால் 200 பாகை செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்கி, தட்டில் ஓரடுக்காகப் பரப்பி, எண்ணெய் இல்லாமல் 20 நிமிடமும், எண்ணெய் புரட்டிய பின் மேலும் 15 முதல் 20 நிமிடமும் வைக்க வேண்டும். இடையிடையே தட்டை அசைத்துவிட வேண்டும். அணைத்த பிறகு கதவைச் சற்றே திறந்த நிலையில் வைத்து, கடலையை அரை மணி நேரம் உள்ளேயே விட்டால், மிஞ்சிய வெப்பம் நடுவிலுள்ள ஈரத்தைக் கருகாமல் வெளியேற்றிவிடும். ஏர் ஃப்ரையரில் 190 பாகையில், கூடை பாதிக்கு மேல் நிரம்பாமல், 15 முதல் 20 நிமிடங்கள் பிடிக்கும்.

வேகவைக்காமலே செய்யும் பழைய வழி ஒன்றும் உண்டு. கடலைக்காரர்கள் மணலில் வறுப்பதன் வீட்டு வடிவம் அது. கறுப்புக் கடலையை மஞ்சளும் உப்பும் கலந்த கொதிநீரில் கால் மணி நேரம் போட்டெடுத்து, நீரை வடித்து, துணியில் மூடி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். கடாயில் கல்லுப்பைக் கொட்டிச் சூடாக்கினால் முதலில் அது படபடவென்று வெடிக்கும்; உப்புப் பரலுக்குள் சிறைப்பட்ட நீர் ஆவியாகி வெளியேறும் ஓசை அது. வெடிப்பு அடங்கிய பிறகு கடலையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு விரைவாகக் கிளறினால், மூன்று நான்கு நிமிடங்களில் தோல் வெடித்து உள்ளே மஞ்சள் தெரியும். உடனே சல்லடையில் சலித்து எடுத்துவிட வேண்டும். அதே உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டுவைத்தால் பலமுறை பயன்படுத்தலாம். உப்புக்குப் பதிலாகக் கடற்கரை மணலை அள்ளி வருவது கூடாது. அது உடைந்த சிப்பி, சங்குத் துண்டுகள் கலந்தது; கடலையின் வெடிப்பில் அவை புகுந்தால் பல் போகும். இந்த முறையில் கிடைப்பது சற்றுக் கெட்டியான கடலைதான் என்றாலும், இவற்றுள் மிக அதிக நாள் தாங்குவது இதுவே.

உப்பும் மசாலாவும்

மசாலாப் பொடியை வறுபடும் கடலையோடு சேர்த்து வறுத்தால் மிளகாய் கருகிக் கசக்கும், இருமல் வீட்டையே கலைத்துவிடும். அடுப்பை அணைத்த பிறகு, கடாயின் சூடு தணியாமலும் கடலையின்மேல் எண்ணெய்ப் பசை காயாமலும் இருக்கும்போது தூவிப் புரட்டுவதே முறை. எண்ணெய் உலர்ந்துவிட்டதாகத் தோன்றினால் அரைத் தேக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி ஊற்றிப் புரட்டியபின் தூவலாம். பொடி ஒட்டவேண்டும் என்பதற்காக நீர் தெளிப்பவர்களும் உண்டு. அரை மணி நேரம் நின்று வெளியேற்றிய ஈரத்தைத் தாமே மீண்டும் உள்ளே விடுகிறார்கள். எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். சாறு வேண்டுமென்றால் தட்டில் எடுத்த பங்கின்மேல் சாப்பிடும் நேரத்தில் பிழிந்துகொள்ளலாம். புட்டியில் அடைக்கப் போகிற கடலைக்குப் புளிப்பை மாங்காய்ப் பொடியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

மிளகாய்க்கு முண்டு வற்றலை விட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் உருண்டை வடிவும் தடித்த தோலும் அடர்ந்த சிவப்பும் உடையது. சம்பா வற்றலைவிடக் காரம் சற்றுத் தணிந்து, நிறமும் வாசமும் தூக்கலாக இருப்பதால், கடலை முழுவதும் சிவந்து தெரியுமளவு தூவினாலும் நாக்கு எரியாது. தோல் தடிப்பாக இருப்பதால் அதில் ஈரம் தங்கும். கடையில் வாங்கிய வற்றலை நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்து, கையில் எடுத்து ஒடித்தால் சட்டென்று ஒடியும் பதம் வந்த பிறகு அரைத்தால்தான் பொடி உதிரியாக இருக்கும்; இல்லாவிட்டால் கட்டி கட்டியாகி ஒரு கடலையில் அப்பிக்கொண்டு இன்னொரு கடலையை வெறுமையாக விட்டுவிடும்.

மொத்தக் கடலைக்கும் ஒன்றரைத் தேக்கரண்டி முண்டு மிளகாய்ப் பொடி, அரைத் தேக்கரண்டி மிளகுத் தூள், வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி, மாங்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி, பெருங்காயத் தூள் இரண்டு சிட்டிகை ஆகியவை சரியாக இருக்கும். கறிக்குழம்பின் வாசத்தை விரும்புவோர் சீரகத்திற்குப் பதிலாகச் சோம்பும் ஒரு சிறு துண்டுப் பட்டையும் வறுத்துப் பொடித்துச் சேர்க்கலாம். கறிவேப்பிலையையும் தோலோடு தட்டிய பூண்டையும் தனியே எண்ணெயில் நொறுங்கும்வரை பொரித்து, எண்ணெய் வடித்துக் கலக்க வேண்டும். கறிவேப்பிலை வெளியே சருகானபோதும் காம்பில் ஈரம் வைத்திருக்கும் என்பதால் காம்பை நீக்கிவிட வேண்டும். பூண்டு சேர்த்த கடலையை இரண்டு நாட்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

இனி உப்பு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும் இயல்புடையது. கரையோரத்தில் இரவும் விடியற்காலையும் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது இயல்பு. கடல்நீரிலிருந்து எடுக்கும் கல்லுப்பில் சிறிதளவு ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே, ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே, நீரை இழுத்துவிடும். நம் வீட்டு உப்புச் சாடியின் ஓரம் எப்போதும் கசிந்திருப்பது இதனால்தான். இப்படிப்பட்ட உப்பைக் கடலைமேல் தாராளமாகத் தூவினால், ஒவ்வொரு கடலையின்மேலும் ஈரத்தை அழைத்து உட்காரவைத்தது போலாகிவிடும்.

எனவே ஊறவைக்கும்போதும் வேகவைக்கும்போதும் உள்ளே ஏறிய உப்பையே முதன்மையாகக் கொண்டு, மேலே தூவுவதை அரைத் தேக்கரண்டிக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த அரைத் தேக்கரண்டிக்குக் கல்லுப்பைப் பொடித்துப் போடுவதைவிட, பாக்கெட்டில் வரும் சுத்திகரித்த தூள் உப்பே இந்த இடத்தில் பொருத்தமானது. அதையும் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் வறுத்து, மற்றப் பொடிகளோடு கலந்து தூவ வேண்டும். வாலிநோக்கம் போன்ற உப்பள ஊர்கள் உள்ள மாவட்டத்தில் இருந்துகொண்டு பாக்கெட் உப்பைப் பரிந்துரைப்பது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது. குழம்புக்குக் கல்லுப்பு, வறுவலுக்குத் தூள் உப்பு என்று பிரித்துக்கொண்டால் சிக்கலில்லை.

இனிப்புக் கடலைக்குச் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி அருமையாகப் பொருந்தும். கெட்டிப் பாகாகக் காய்ச்சி, சுக்குப் பொடி கலந்து புரட்டி உலர்த்தலாம். ஆனால் கருப்பட்டியும் ஈரத்தை விடாமல் இழுக்கும். செய்த அன்றே தின்று முடிப்பதாக இருந்தால் மட்டும் செய்யலாம்.

அடைத்து வைப்பது

வறுத்த கடலையை நன்றாக ஆறவைத்துத்தான் அடைக்க வேண்டும் என்ற விதிக்குக் கரையோரத்தில் ஓர் எல்லை உண்டு. சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து நீர் சொட்டும். மணிக்கணக்கில் தட்டில் ஆறவிட்டால் காற்றிலுள்ள ஈரம் ஏறிவிடும். அகன்ற தட்டில் பரப்பினால் இருபது நிமிடத்தில் கைச்சூட்டுக்கு வந்துவிடும். அப்போதே இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டியிலோ எவர்சில்வர் டப்பாவிலோ அடைத்துவிட வேண்டும். ஒரே பெரிய டப்பாவில் வைத்து நாளுக்குப் பத்து முறை திறப்பதைவிட, ஒரு வேளைக்குரிய அளவாகச் சிறு புட்டிகளில் பிரித்து வைத்தால், திறந்த புட்டி மட்டுமே நமத்துப் போகும். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் முடிச்சுப் போட்டு வைத்தாலும் ஈரம் மெல்ல உள்ளே புகுந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால், வெளிக்காற்றுப் பட்டவுடன் கடலை முழுவதும் பனிக்கும் என்பதால் அதுவும் ஏற்றதன்று. கருவாட்டுப் பானை இருக்கும் அலமாரியிலும் வைக்க வேண்டாம். எண்ணெய் பூசிய கடலை அந்த வாசத்தை எளிதில் வாங்கிக்கொள்ளும்.

இப்படி வைத்தால் வெள்ளைக் கடலை மூன்று நான்கு நாட்களும், உப்பில் வறுத்த கறுப்புக் கடலை அதைவிட அதிகமாகவும் மொறுமொறுப்புக் குறையாமல் இருக்கும். நமத்துவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. மேலே ஏறிய ஈரம்தானே தவிர நடுப்பகுதி காய்ந்தே இருக்கும் என்பதால், மிகச் சிறு தீயில் ஐந்து நிமிடம் புரட்டினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மிளகாய் ஏற்கெனவே ஒட்டியிருப்பதால் தீ சற்றும் கூடக் கூடாது.

பரிமாறும்போது ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முழுக் கடலையைக் கொடுக்கக் கூடாது. உருண்டையாகவும் கெட்டியாகவும் இருப்பதால் மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அவர்களுக்கும், பல் இல்லாத பெரியவர்களுக்கும், மிக்சியில் கரகரப்பாகப் பொடித்துச் சோற்றில் நெய்யோடு பிசைந்து கொடுக்கலாம். காய்ந்த கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருப்பதால், பொடியாகச் சாப்பிட்டாலும் அது வீணாவதில்லை. டப்பாவின் அடியில் தங்கும் மசாலாத் தூளையும் உடைந்த கடலையையும் இந்தப் பொடியோடு சேர்த்து அரைத்து, இரண்டு பல் பொரித்த பூண்டு போட்டால், இட்லிக்கும் கஞ்சிக்கும் தொட்டுக்கொள்ள உதவும்.